யார்க் நகரின் பெயருக்குள் ஒரு மரம்

இங்கிலாந்தின் யார்க் நகரப் பெயரைக் கேட்டால் யாருக்கும் மரம் நினைவுக்கு வராது. எனக்கு வரும். கி.பி. 71-இல் ரோமானியப் படை அங்கே கோட்டை எழுப்பியபோது, ரோமானியருக்கு முன் ஐரோப்பாவின் பல பகுதிகளில் பரவியிருந்த கெல்டிக் மொழிகளில் ஒன்றுதான் அங்கே பேசப்பட்டது; அதில் இடத்துக்கு ஏற்கெனவே பெயர் இருந்தது. அதைக் கேட்டு, லத்தீன் விகுதி ஒட்டி, எபோராக்கம் என்று எழுதிக்கொண்டார்கள். அந்தப் பெயரில் உள்ள 'எபுரோஸ்' என்றால் யூ என்னும் ஊசியிலை மரம் என்பதே அறிஞர்கள் பலரின் கருத்து. பின்னால் வந்த ஆங்கிலோ-சாக்சன் மக்களுக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. காதில் விழுந்த ஒலி அவர்கள் மொழியில் காட்டுப்பன்றியைக் குறிக்கும் 'எயோஃபர்' போல இருந்தது. ஊர் எயோஃபர்விக் ஆனது. 866-இல் நகரைப் பிடித்த வைக்கிங்குகளின் வாயில் அது யோர்விக். பிறகு தேய்ந்து யார்க். ஆனாலும் யார்க் பேராயர் இன்றும் 'எபோர்' என்றுதான் கையெழுத்திடுகிறார்!

கெல்டிக் மொழிகள் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் துடைத்தெறியப்பட்டன என்று எழுதுவதை என்னால் முழுமையாக ஏற்க முடிவதில்லை. பேச்சு போனது உண்மை. ஆனால், வென்று வந்தவன் ஆற்றுக்கும் குன்றுக்கும் பெயர் என்ன என்று உள்ளூர்க்காரனிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் ஏவன் என்று பல நதிகள் ஓடுவது அதனால்தான். அங்கே முன்பு பேசப்பட்ட கெல்டிக் மொழியான பழைய பிரித்தானிய மொழியில் அதற்கு ஆறு என்றே பொருள்.

இன்றைய பிரான்ஸ் அன்று காலியா. அங்கே பேசப்பட்ட கெல்டிக் மொழியில் 'தூனம்' என்றால் கோட்டை. லுகுஸ் என்ற தெய்வத்தின் பெயரைத் தாங்கியதாகக் கருதப்படும் லுக்தூனம் தேய்ந்து லியோன் ஆகிவிட்டது. வெர்தூனின் கடைசியில் மட்டும் அந்தக் கோட்டை அப்படியே நிற்கிறது. எல்லா ஊருக்கும் இந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. டான்யூப் கரையில் இருந்த சிங்கிதூனம், ஸ்லாவியர் குடியேறிய பிறகு பெல்கிரேடு என்று புதுப்பெயர் பெற்றது.

என்னை அதிகம் ஈர்ப்பது இனக்குழுப் பெயர்களின் கதை. ரோமானியப் பேரரசின் பிற்காலத்தில் காலியாவின் பல நகரங்கள் தங்கள் சொந்தப் பெயரை உதிர்த்துவிட்டு, சுற்றுப்புற மக்களின் பெயரை ஏற்றுக்கொண்டன. லுத்தேசியா மறைந்தது, பாரிசி மக்களால் பாரிஸ் வந்தது. தூரோகோர்த்தோரம் போய், ரெமி மக்களின் ரீம்ஸ். 'சமரா நதிப் பாலம்' என்று பொருள்படும் சமரோபிரிவா போய், அம்பியானி மக்களின் அமியான். கடைசி இரண்டு ஊர்களிலும் உதிர்ந்ததும் கெல்டிக் பெயர், நிலைத்ததும் கெல்டிக் பெயர்.

அவற்றில் பூர்ஜ் நகரம்தான் எனக்கு மிகப் பிடித்தது. அங்கு வாழ்ந்தவர்கள் பித்தூரிகெஸ் மக்கள். அந்தப் பெயரின் இரண்டாம் அசையை அழுத்திச் சொன்னவர்களின் வாயில் அது பூர்ஜ் என்று நகரப் பெயரானது. மூன்றாம் அசையான 'ரி'யை அழுத்தியவர்களால் அதே பெயர் பெர்ரி என்று ஆகி, சுற்றியுள்ள நிலப்பகுதிக்கு நிலைத்தது. நகரமும் அதன் நாடும் ஒரே பெயரின் இரண்டு உச்சரிப்புகள் என்று தெரிந்துகொண்ட அன்று, பார்த்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிரான்ஸ் வரைபடம் கையில் கிடைத்தால் ஊர்ப்பெயர்களின் கடைசி எழுத்துகளைப் பாருங்கள். ரோமானியர் காலப் பண்ணை முதலாளியின் லத்தீன் பெயரோடு 'ஆக்கம்' என்ற கெல்டிக் விகுதியைச் சேர்த்து ஊர்ப்பெயர் அமைப்பது வழக்கம். சபினியஸ் என்பவரின் நிலம் சபினியாக்கம். அது தெற்கே சவிஞ்ஞாக், வடக்கே சவிஞ்ஞி. முன்னதில் விகுதி ஏறக்குறைய முழுசாக இருக்கிறது, பின்னதில் ஓர் இகரம்தான் மிச்சம். இப்படி 'ஆக்' என்றும் 'இ' என்றும் முடியும் ஊர்கள் அங்கே நூற்றுக்கணக்கில் கிடைக்கும்.