இரண்டு பக்கச் செய்தி

சிறிய தொடக்கப் பள்ளியில் யாருக்கும் ஒரே ஒரு வேலை கிடையாது. பாடம் நடத்துகிறவரே மணி அடிப்பார். நூலகச் சாவி அவரிடம்தான் இருக்கும், குழாய் ஒழுகினால் ஆள் தேடுவதும் அவர்தான். அப்படிப் பங்கு பிரித்தபோது என் தலையில் விழுந்தது பள்ளிச் செய்தி. மாதம் ஒரு தாள், முன்னும் பின்னும் அச்சு. ஒரு பிரதி அறிவிப்புப் பலகைக்கு, மற்றவை வீடுகளுக்கு. "உங்களுக்குத்தான் எழுத வரும், டீச்சர்" என்றார் தலைமையாசிரியை. இந்த வாக்கியத்தை ஆசிரியர் அறையில் யார் யாரிடம் சொன்னாலும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பின்னாலேயே ஒரு கோப்பு வரும்.

கோப்பு வந்தது. அதில் பழைய தாள்கள் இருந்தன. புரட்டிப் பார்த்தால் ஆண்டு மாறியதே தவிர வாக்கியம் மாறவில்லை. 'ஓவியப் போட்டியில் எமது பள்ளி மாணவி கலந்துகொண்டு முதல் பரிசு பெற்றுப் பள்ளிக்குப் பெருமை சேர்த்துள்ளார். அவரை ஆசிரியர்கள் வெகுவாகப் பாராட்டினர்.' ஓவியத்தை எடுத்துவிட்டு ஓட்டம், பேச்சு, கையெழுத்து என்று எதை வைத்தாலும் வாக்கியம் சிந்தாமல் சிதறாமல் நிற்கும். அந்தச் சிறுமி எதை வரைந்தாள் என்று மட்டும் எங்கும் இல்லை.

அடுத்து எங்கள் பள்ளிக்கு ஓவியப் பரிசு வந்தபோது பரிசை இரண்டாம் வரிக்குத் தள்ளிவிட்டுப் படத்தைப் பற்றி எழுதினேன். நான்காம் வகுப்புப் பிள்ளை வரைந்தது. மரத்தைத் தாளின் மேல் பாதிக்குள் அடக்கிவிட்டுக் கீழ்ப் பாதி முழுவதையும் வேருக்குக் கொடுத்திருந்தாள். வேர்களுக்குப் பழுப்பு நிறம் பூசாமல், பென்சிலைச் சாய்த்துத் தேய்த்து, ஆழம் போகப் போக வெளிறிக்கொண்டே போகும்படி செய்திருந்தாள். இதையெல்லாம் எழுதிவிட்ட திருப்தியில் தாளை அவளிடம் காட்டினேன். விரல் வைத்து வரி வரியாகப் படித்தாள். "இடது பக்க வேருக்குப் பக்கத்தில் ஒரு எறும்பு இருக்கிறதே, டீச்சர், அதை விட்டுவிட்டீர்கள்" என்றாள். பரிசைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எறும்பு அடுத்த மாதத் தாளில் திருத்தமாக வெளிவந்தது. எங்கள் செய்தி வரலாற்றில் முதல் திருத்தம் அதுதான் என்று நினைக்கிறேன்.

பரிசுச் செய்தி எழுதுவது சுலபம். யாரோ நடுவராக இருந்து முடிவு சொல்லிவிட்டார்கள், நாம் பெயரைப் போட்டால் போதும். ஆனால் கீழ் வகுப்புகளில் அந்த முடிவு எதைச் சொல்கிறது என்பதில் எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு. முதல் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்காரும் இருவருக்கிடையே 11 மாத வித்தியாசம் இருக்கலாம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு 11 மாதம் என்பது அதுவரை வாழ்ந்த காலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. பென்சில் பிடிக்கும் விரல்களும் ஓடும் கால்களும் அந்த அளவுக்கு முன்னே போயிருக்கும். கல்வியிலும் விளையாட்டிலும் வயதில் மூத்த பிள்ளைகள் தொடக்கத்தில் முந்தி நிற்பதைப் பல நாடுகளில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. முதல் வகுப்பின் வெற்றியாளர் பட்டியலுக்குப் பக்கத்தில் சேர்க்கைப் பதிவேட்டின் பிறந்த தேதிப் பத்தியை வைத்துப் பார்த்தாலே பல நேரம் விஷயம் தெரிந்துவிடும்.

சான்றிதழ் மோகம் தனிக் கதை. 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மழலையர் பள்ளியில் வண்ணப் பேனாவால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் உள்ள சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் வைத்திருந்து கடைசியில் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. சில நாள் கழித்து அதே பேனாக்களை வகுப்பில் சும்மா வைத்தபோது, முன்பே ஆசை காட்டப்பட்ட பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் பாதியளவுதான் வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களின் ஆர்வத்துக்கு ஒரு குறையும் வரவில்லை.

இதைப் படித்த பிறகு சான்றிதழை ஒழிக்க வேண்டும் என்று நான் கிளம்பவில்லை. கிளம்பினாலும் யார் கேட்கப்போகிறார்கள்? எனக்கு நானே ஒரு விதி மட்டும் வைத்துக்கொண்டேன். 'இதைச் செய்தால் செய்தியில் போடுவேன்' என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்வதில்லை. செய்து முடித்த பிறகு, அவர்கள் அதை மறந்துபோன பிறகு, தாளில் வரட்டும்.

பெற்றோர் பெயரை எண்ணுகிறார்கள். எண்ணட்டும், அவர்கள் வேலை அது. "என் பையன் பெயர் இந்த வருஷம் ஒரு தடவைகூட வரவில்லையே, டீச்சர்" என்று ஓர் அம்மா வாசலில் நின்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லிவிடலாம். அவர் ரொம்பத் தணிவாகக் கேட்டார். பெரிய பள்ளி என்றால் இடமில்லை என்று தப்பிக்கலாம். எங்களிடம் உள்ள பிள்ளைகளுக்கு அந்தச் சாக்கு செல்லாது. ஓர் ஆண்டில் ஒவ்வொருவர் பெயரும் வருவதற்குத் தாளில் இடம் உண்டு. சிறிய பள்ளியின் ஒரே ஆடம்பரம் இதுதான், இதையும் விட்டுவிட்டால் வேறென்ன இருக்கிறது?

ஆனால் பெயரைச் சேர்க்க வேண்டும் என்பதற்காக எதையாவது எழுதினால் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். 'தினமும் சுத்தமாகப் பள்ளிக்கு வருகிறார்' என்று ஒருவனைப் பற்றி வேறொரு ஆசிரியர் எழுதித் தந்ததைப் பார்த்துவிட்டு அவனே, "இது சும்மா போட்டது" என்றான். பாராட்டில் எது அசல், எது நிரப்பு என்பது ஏழு வயதிலேயே தெரிந்துவிடுகிறது. ஆகவே, எழுதுவதற்கு முன் பார்க்க வேண்டும். பாடம் நடத்திக்கொண்டே பார்க்க முடியாது. இடைவேளையில், வகுப்பு மாறும் நேரத்தில், யாரும் தம்மைக் கவனிக்கவில்லை என்று பிள்ளைகள் நினைக்கும்போது பார்க்க வேண்டும்.

அந்த அம்மாவின் பையனை அப்படித்தான் பார்த்தேன். மூன்றாம் வகுப்பு. ஓட்டத்தில் நடுவில் வருவான், கணக்கிலும் நடுவில்தான். நூலக அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கிழிந்த கதைப் புத்தகம் ஒன்றை ஒட்டிக்கொண்டிருந்தான். ஒட்டு நாடாவைக் கிழித்தவுடன் ஒட்டவில்லை. முதலில் மேசை விளிம்பில் அதன் நுனியை மட்டும் ஒட்டித் தொங்கவிட்டான். கிழிசலின் இரண்டு ஓரங்களையும் எழுத்துக்கு எழுத்து பொருத்தி, இடது கையால் அழுத்திக்கொண்டு, நாடாவை ஒரு முனையிலிருந்து மெல்லப் படியவிட்டான். பிறகு நகத்தின் பின்பக்கத்தால் தேய்த்துக் காற்றுக் குமிழிகளை ஓரத்துக்குத் தள்ளினான். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். "யாரும் இல்லை. முதலில் ஒட்டியது கோணலாகப் போய்விட்டது" என்று வேறொரு புத்தகத்தைத் திறந்து காட்டினான். உண்மைதான், படுகோணல்.

அந்த மாதம் அவன் செய்முறையைப் படிப்படியாக எழுதிப் போட்டேன். விளைவு என்னவென்றால், அடுத்த வாரம் நூலகத்துக்குக் கிழிந்த புத்தகங்கள் வந்து குவிந்தன. சிலவற்றின் கிழிசல் மிகப் புதிதாக இருந்தது. நான் விசாரிக்கவில்லை. எல்லாவற்றையும் துருவினால் செய்தி ஆசிரியர் வேலையோடு போலீஸ் வேலையும் சேர்ந்துவிடும்.

சில செய்திகளைப் போடவே கூடாது. மதிப்பெண் பட்டியல் வேண்டாம். பெற்றோரின் அனுமதி இல்லாமல் புகைப்படம் வேண்டாம். அதிலும் பெயர், வகுப்பு, முகம் மூன்றும் சேர்ந்து ஒரே இடத்தில் வருவது கூடவே கூடாது. தாள் கைபேசியில் ஏறிவிட்டால் எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. பேரனின் படத்தைப் பெரிதாகப் போடச் சொல்லும் தாத்தாக்களுக்கு இதைப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

பிள்ளைகளே செய்தி எழுதினால் என்ன என்ற யோசனை புதிதல்ல. பிரான்சில் செலஸ்தின் ஃபிரெனே என்ற கிராமப் பள்ளி ஆசிரியர் 1920-களில் தம் வகுப்பறைக்குள் ஒரு சிறிய அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் தாங்கள் எழுதியதைத் தாங்களே எழுத்துக் கோத்து அச்சிட்டு, தொலைவில் இருந்த இன்னொரு பள்ளிக்கு அனுப்பி, அங்கிருந்து வந்ததைப் படித்தார்கள். போலந்தில் யானுஷ் கோர்ச்சாக் 1926-இல் வார்சாவில் ஒரு நாளிதழின் இணைப்பாகப் பிள்ளைகளின் வார இதழைத் தொடங்கினார். அதில் வந்த கடிதங்களும் செய்திகளும் பிள்ளைகள் எழுதியவை. அவர்களிடம் இருந்த நம்பிக்கையில் பத்தில் ஒரு பங்கு எங்களிடம் இருந்தால் போதும் என்று நினைத்துப் பின்பக்கத்தின் கீழ்ப் பாதியைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கினோம். எழுத வராதவர்கள் சொல்லலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள்.

வந்து விழுந்த செய்திகளைப் பார்த்தபோது என் முன்பக்கம் வெளிறிப்போய்த் தெரிந்தது. 'மூன்றாம் வகுப்பு ஜன்னல் இப்போது மூடுகிறது.' 'எனக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. ஸகரம் சொல்ல வரவில்லை.' 'புதிதாக வந்த பெண் முதலில் பேசவில்லை. இப்போது நிறுத்துவதில்லை.' முதல் வகுப்பிலிருந்து ஒருவன் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது: 'எங்கள் வகுப்பில் இன்று யாரும் அழவில்லை.' பள்ளி திறந்து சில வாரங்களே ஆன நேரம் அது. முதல் வகுப்பு ஆசிரியை அந்த வரியைத் தனியாக வெட்டித் தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். அவருக்கு இதுவரை கிடைத்த பாராட்டுகளில் அதுதான் அசல் என்பது அவர் கட்சி.

எனக்குள் தீராமல் இருந்த சிக்கல் ஒன்று உண்டு. தொடக்கப் பள்ளியில் நடக்கும் ஆகப் பெரிய சாதனை, ஒரு பிள்ளை படிக்கத் தொடங்குவது. எழுத்துகளைக் கூட்டிக் கூட்டித் திணறிக்கொண்டிருந்தவன் ஒருநாள் வரியின் பாதியிலேயே அடுத்த சொல்லை ஊகித்து, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பான். அதற்குக் கோப்பை இல்லை, தேதியும் இல்லை. போன வாரம் இல்லாதது இந்த வாரம் இருக்கும், அவ்வளவுதான். இதை நான் செய்தியாக எழுத முடியாது. 'இன்னார் இப்போது நன்றாகப் படிக்கிறார்' என்று போட்டால் இதுவரை படிக்கத் தெரியாது என்று வீட்டு வீட்டுக்கு அறிவித்ததாகிவிடும். அதிலும் மற்றவர்களைவிடத் தாமதமாக, நான்காம் வகுப்பில் வந்து சேர்கிறவனைப் பற்றி எப்படி எழுதுவது?

போன மாதம் அப்படி ஒருவன் தன் செய்தியைத் தானே எழுதிக் கொண்டுவந்தான். நோட்டிலிருந்து கிழித்த தாளில் இரண்டு வரி. 'எனக்குப் படிக்க வந்துவிட்டது. தங்கைக்கு ஒரு கதை முழுதும் படித்தேன். அவள் பாதியில் தூங்கிவிட்டாள்.' கீழே பெயரை முழுதாக, முதலெழுத்தோடு போட்டிருந்தான். பெயர் போடாமல் விடலாமா என்று கேட்டேன். "நான்தானே படித்தேன்?" என்றான். அவன் அம்மாவிடமும் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

மிச்சம் இருந்தது எழுத்துப் பிழை. 'வந்துவிட்டது' என்பதில் ஒற்று விடுபட்டிருந்தது, 'முழுதும்' என்பதில் ழகரத்துக்குப் பதில் ளகரம். பிழையோடு போட்டால்தான் அவன் குரலாக இருக்கும் என்று நான் வாதாடினேன். படிக்கத் தெரிந்துவிட்டது என்று சொல்லும் செய்தியில் பிழை இருந்தால் அவனைத்தான் சிரிப்பார்கள் என்றார் தலைமையாசிரியை. அவர் சொன்னதுதான் சரி. பையனைக் கூப்பிட்டோம். ஒற்றை அவனே கண்டுபிடித்தான். ழகரத்துக்கு மட்டும் சற்று உதவ வேண்டியிருந்தது. அந்த மாதம் எங்கள் பள்ளிக்குப் பேச்சுப் போட்டியில் ஒரு கோப்பையும் வந்திருந்தது. அது எப்போதும்போல் முன்பக்கத்தில் வந்தது.