பாக்கிப் பட்டியலில் விடுபட்ட ஒரு பெயர்

கரூரிலிருந்து பதின்மூன்று வயதில் பெற்றோருடன் இண்டியானாவுக்கு வந்த நான், அம்மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இரண்டாம் ஆண்டு படித்தபோது சொராரிட்டியில் சேர்ந்தேன். சேரப்போவதாகச் சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "அதென்ன கண்ணு, ஹாஸ்டலா, சங்கமா?" என்பதுதான். இரண்டும்தான் என்பதே சரியான விடை. கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட, பெண்கள் மட்டுமே உறுப்பினராகும் அமைப்பு அது. நாடெங்கும் உள்ள அதன் கிளைகளைச் சேப்டர் என்பார்கள். பல சேப்டர்களுக்கு வளாகத்தை ஒட்டியே வீடும் உண்டு.

இத்தகைய அமைப்புகளின் தொடக்கங்களில் ஒன்று இதே இண்டியானாவில்தான் நிகழ்ந்தது. கிரீன்காசில் ஊரில், இன்று டிபாவ் பல்கலைக்கழகம் எனப்படும் கல்லூரி பெண்களைச் சேர்க்கத் தொடங்கிய சில ஆண்டுகளில், ஆண்களின் சங்கங்களில் தங்களுக்கு இடமில்லை என்று கண்ட நான்கு மாணவிகள் 1870இல் கப்பா ஆல்ஃபா தீட்டாவைத் தொடங்கினார்கள். கதவுக்கு வெளியே நின்றவர்கள் தொடங்கிய இயக்கம், பின்னர் தன் கதவையும் பலருக்குச் சாத்தியே வைத்திருந்தது. கறுப்பினக் கல்லூரிப் பெண்களின் முதல் சொராரிட்டியான ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா 1908இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. கமலா ஹாரிஸ் அங்கே படித்தபோது சேர்ந்தது அதில்தான். தெற்காசியப் பெண்களுக்கென்று ஹூஸ்டனில் டெல்டா ஃபை ஒமேகா தோன்றியது 1998இல். அப்படி ஒன்று எங்கள் வளாகத்தில் இல்லாததால், பேன்ஹெலனிக் எனப்படும் சொராரிட்டிகளின் கூட்டமைப்பைச் சேர்ந்த பெரிய வீடுகளின், அதாவது சேப்டர்களின், சேர்க்கைக்கே நானும் பதிவு செய்தேன்.

சேர்க்கை நடந்தது ஜனவரிப் பனியில். முதல் சுற்றில் எல்லா வீடுகளுக்கும் போக வேண்டும். ஒவ்வொன்றிலும் சில நிமிடங்கள் யாரோ ஒருத்தியுடன் பேச வேண்டும். மாலையில் நாம் வீடுகளை வரிசைப்படுத்துவோம். வீடுகள் நம்மை வரிசைப்படுத்தும். இரண்டையும் கணினி பொருத்தி மறுநாளுக்கான அழைப்புகளைத் தரும். இப்படிச் சுற்றுக்குச் சுற்று எண்ணிக்கை குறைந்து, கடைசியில் இரண்டு வீடுகள் எஞ்சும். எனக்கு மிகவும் பிடித்திருந்த வீடு இரண்டாம் சுற்றிலேயே என்னைக் கைவிட்டுவிட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் பதில் சொல்லாமல் போனதைப் போன்ற அந்த அவமானத்தை இன்றும் மறக்கவில்லை. எங்கள் குழுவுக்கு வழிகாட்டியாக இருந்த மாணவி, தான் எந்த வீட்டைச் சேர்ந்தவள் என்பதை விதிப்படி மறைத்துக்கொண்டே என்னைத் தேற்றினாள். கடைசிச் சுற்று முடிந்ததும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி, வரிசையில் நான் குறித்த வீடு அழைத்து நான் மறுத்தால் ஓராண்டு வேறு எந்த வீட்டிலும் சேர முடியாது. என்னை அழைத்த வீட்டுக்குச் சரி என்றேன். அங்கே எனக்கு 'பிக்' ஆக, அதாவது அக்காவாக, வாய்த்தவள் என் பெயரைச் சரியாக உச்சரிக்க ஒரு வாரம் பயிற்சி செய்தாள்.

ஓராண்டு கழித்து நான் பொருளாளர் பதவிக்கு நின்றேன். எதிர்த்து நிற்க யாரும் இல்லை என்பதை ஒளிப்பதில் பயனில்லை; சேர்க்கைப் பொறுப்புக்கும் விழாப் பொறுப்புக்கும் போட்டி இருந்தது, கணக்குப் புத்தகத்துக்கு இல்லை. 112 பேரிடம் சந்தா வசூலிப்பது, தலைமையகத்துக்குத் தலைக்கு இவ்வளவு என்று கட்டணமும் காப்பீட்டுத் தொகையும் அனுப்புவது, விழாவுக்கும் சமையலறைக்கும் தனித்தனியே பணம் ஒதுக்குவது ஆகியவை என் வேலை. பணம் வந்தாலும் வராவிட்டாலும் தலைமையகத்துக்கு அனுப்ப வேண்டிய தொகை குறையாது. ஆகவே ஒருத்தி கட்டாவிட்டால் அந்தச் சுமை மற்றவர்கள் மேல் விழும்.

மார்ச் மாதம் 19 பேர் பாக்கி வைத்திருந்தார்கள். விதிப்படி அவர்களுக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை அனுப்பி, அதன் பிறகும் கட்டாதவர்களின் வாக்குரிமையை நிறுத்த வேண்டும். நான் கடிதங்களைத் தயாரித்து, எங்களுக்கு ஆலோசகராக இருந்த முன்னாள் மாணவியிடம் காட்டினேன். வங்கியில் பணிபுரிந்து ஓய்வு பெற்ற அந்த அம்மையார், கடிதங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, கணக்கில் 19 பேர் இருக்க இங்கே 18 கடிதங்கள்தான் உள்ளனவே என்றார். விடுபட்டது என் அக்காவின் பெயர். மறந்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்லவில்லை. அவர் திட்டவில்லை. பதினெட்டுப் பேருக்கு ஒரு விதி, ஒருத்திக்கு இன்னொரு விதி என்றால், அந்தப் பதினெட்டுப் பேரில் யாராவது கேட்கும்போது என்ன பதில் வைத்திருக்கிறாய் என்று மட்டும் கேட்டார்.

அன்றிரவு ஃபோர்ட் வெய்னிலிருந்த அம்மாவிடம் தொலைபேசியில் புலம்பினேன். கரூரில் பன்னிரண்டு ஆண்டுகள் ஏலச்சீட்டு நடத்தியவர் அவர். "கேக்கறதுக்கு வெக்கப்பட்டா சீட்டு நடத்த முடியாது கண்ணு. ஆனா நாலு பேரு முன்னால கேட்டீன்னா, அப்பறம் அவ மொகத்துல நீயும் முழிக்க முடியாது, உன்ற மொகத்துல அவளும் முழிக்க மாட்டா" என்றார். பல்கலைக்கழகம் எங்களுக்கு நடத்திய தலைமைப் பயிற்சி வகுப்புகளில் இவ்வளவு உருப்படியாக எவரும் பேசியதில்லை.

மறுநாள் அக்காவை வளாகத்துக்கு வெளியே ஒரு காப்பிக் கடைக்கு அழைத்துச் சென்று கேட்டேன். அவளுடைய அப்பாவுக்கு நவம்பரிலேயே வேலை போயிருந்தது. வீட்டில் யாரிடமும் சொல்லாமல் இரவில் நூலகத்தில் வேலை பார்த்துவந்தாள். நான்கு தவணையாகக் கட்ட ஒத்துக்கொண்டு, அதை எழுதிக் கையெழுத்திட்டாள். அவளுக்குக் காரணம் இருந்தது போல மற்றவர்களுக்கும் இருக்கலாமே என்று எனக்கு உறைத்தது, வெட்கத்துடன் சொல்கிறேன், அதன் பிறகுதான். கடிதங்களை அனுப்பாமல் நிறுத்திவைத்து, பதினெட்டுப் பேரையும் ஒவ்வொருவராகச் சந்தித்தேன். சிலர் மறந்திருந்தார்கள், அன்றே கட்டினார்கள். இருவர் வசதி இருந்தும் இழுத்தடித்தவர்கள். அவர்களுக்குக் கடிதம் போனது. மற்றவர்களுக்குத் தவணை தேவைப்பட்டது. ஆனால் தவணைக்கு எங்கள் விதிகளில் இடமே இல்லை.

விதியைத் திருத்தப் போய்த்தான் நான் சரியாக அடிபட்டேன். எங்கள் கூட்டங்கள் 'ராபர்ட்ஸ் ரூல்ஸ்' என்ற கையேட்டின்படி நடக்கும். ஹென்றி ராபர்ட் என்ற அமெரிக்க ராணுவப் பொறியாளர் ஒருமுறை கூட்டமொன்றுக்குத் தலைமை தாங்கி, அதை நடத்தத் தெரியாமல் திணறிய அனுபவத்தில் பிறந்து 1876இல் வெளிவந்த நூல் அது. எங்கள் விதிப்படி திருத்தத்தை ஒரு கூட்டத்தில் அறிவித்து, அடுத்த கூட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாக்குப் பெற வேண்டும். நியாயமான விஷயம், தானாக நிறைவேறும் என்று நம்பிய நான் யாரிடமும் முன்கூட்டிப் பேசவில்லை. மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து, நாங்கள் கோடையில் வேலை பார்த்து முழுத் தொகையையும் கட்டினோமே, எங்களுக்கு என்ன சலுகை என்று கேட்டாள். பெயர்களைச் சொல்லாமல் அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அக்கா மூன்றாவது வரிசையில் தலை குனிந்து அமர்ந்திருந்தாள். தீர்மானம் தோற்றது.

அடுத்த பருவத்தில் அதையே மீண்டும் கொண்டுவந்தேன். இந்த முறை முதலில் சென்று பேசியது, அன்று எழுந்து கேட்ட அதே மாணவியிடம்தான். தவணை கேட்பவர் பருவம் தொடங்கும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும், பொருளாளருக்கும் ஆலோசகருக்கும் தவிர வேறு யாருக்கும் பெயர் தெரியக்கூடாது, இரண்டு தவணை தவறினால் பழைய விதி பொருந்தும் என்ற மூன்று நிபந்தனைகளில் முதலாவதும் மூன்றாவதும் அவள் சொன்னவை. தீர்மானத்தை வழிமொழிந்தவளும் அவளே. ஏழு பேர் எதிர்த்து வாக்களித்தார்கள், நிறைவேறியது.

நவம்பரில் பொறுப்பை அடுத்தவளிடம் ஒப்படைத்தபோது, கடவுச்சொற்களோடும் கோப்புகளோடும், தவணை கட்டிக்கொண்டிருந்த ஆறு பேரின் பட்டியலை மூடிய உறையில் வைத்துக் கொடுத்தேன். அக்கா அதில் இல்லை. கடைசித் தவணையை மே மாதமே கட்டிவிட்டுப் பட்டம் வாங்கிச் சென்றிருந்தாள். உறையைப் பிரித்துப் படித்த புதிய பொருளாளர், இரண்டாவது பெயரில் விரலை வைத்து, "இவள் என் அறைத்தோழி ஆயிற்றே, நான் எப்படிக் கேட்பேன்?" என்றாள். நான் அவளுக்கு அந்தக் காப்பிக் கடைக்குப் போகும் வழியைச் சொன்னேன்.