3,000 மணிநேரமும் 7 வெற்றுக் கட்டங்களும்

போன மாதம்தான் எல்.சி.எஸ்.டபிள்யூ., அதாவது மனநல சிகிச்சை தரும் சமூகப் பணியாளருக்கான லைசென்ஸ், கைக்கு வந்தது. கலிஃபோர்னியாவில் இப்போது அசோசியேட்டாக, அதாவது லைசென்ஸுக்கு முந்தைய பயிற்சி நிலையில், மணிநேரம் சேர்த்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கைரேகை, ஏ.எஸ்.டபிள்யூ. (அசோசியேட்) பதிவு, சட்டமும் நெறிமுறையும் தேர்வு, இதெல்லாம் எல்லோருக்கும் போலவே எனக்கும் முடிந்தது. நான் மாட்டிக்கொண்டது கையெழுத்தில்.

சூப்பர்விஷனில் (லைசென்ஸ் உள்ள ஒருவர் வாரா வாரம் உட்கார்ந்து நம் வேலையை வழிநடத்துவது) 3,000 மணிநேரம், குறைந்தது 104 வாரம் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். என் கணக்கில் 3,140 இருந்தது. நடுவில் குழந்தை பிறந்து ஒன்றரை வருடம் வீட்டில் இருந்ததால் முதல் மணிநேரங்கள் பழசாகிக்கொண்டிருந்தன. விண்ணப்பம் போய்ச் சேரும் நாளுக்கு 6 வருடம் முன்னால் செய்தது கணக்கில் வராது. எனக்கு அந்தக் கெடு மார்ச் முதல் வாரம். டிசம்பர் கடைசியில் படிவங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தாராளமாக நேரம் இருக்கிறது என்று நினைப்பு.

ஒவ்வொரு சூப்பர்வைசரும் தன் காலத்து மணிநேரத்துக்குத் தனியாகக் கையெழுத்துப் போட வேண்டும். என் முதல் சூப்பர்வைசர் ஓய்வு பெற்றுவிட்டார். பழைய கிளினிக்குக்குப் போன் செய்தால் யாரும் எடுப்பதில்லை. ஒரு நாள் லீவு போட்டு, 2 மணிநேரம் கார் ஓட்டிப் போனேன். ஹெச்.ஆரில் இருந்த பெண் தலையே நிமிரவில்லை. "ஓய்வு பெற்றவர்கள் விவரம் தர முடியாது." சரி, அவருக்குப் பதில் நீங்கள் யாராவது போடலாமா? "நாங்கள் சூப்பர்வைஸ் செய்யவில்லையே!" சொன்னது நியாயம்தான், ஆனாலும் பற்றிக்கொண்டு வந்தது. வெறுங்கையோடு திரும்பினேன்.

கடைசியில், அவருக்கு வருடா வருடம் கிறிஸ்துமஸ் கார்டு அனுப்பும் ஒரு பழைய சிநேகிதி மூலம் ஆள் கிடைத்தார். என் குரலைக் கேட்டதும் அவ்வளவு சந்தோஷம் அவருக்கு. ஆனால் படிவத்தைப் பற்றிச் சொன்னதும், "வார லாக் எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள், பார்த்துவிட்டுப் போடுகிறேன்" என்றார். வாரா வாரம் மணிநேரத்தை எழுதிக் கையெழுத்து வாங்கும் அந்தத் தாள்களை, தன் வீட்டுச் சமையலறை மேசையில் ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது. தொடர்ந்து 7 வாரம், கையெழுத்துக் கட்டம் காலி.

முழங்கால் ஆபரேஷனுக்காக அவர் விடுப்பில் போயிருந்த வாரங்கள் அவை. "நீங்கள் வேலையைப் பாருங்கள், அவர் வந்ததும் போட்டுக்கொள்ளலாம்" என்று அப்போதைய மேனேஜர் சொன்னார், நானும் தலையாட்டினேன். வேறு யாரும் என்னுடன் சூப்பர்விஷனுக்கு உட்காரவில்லை. சூப்பர்விஷன் நடக்காத வாரத்தில் எத்தனை பேரைப் பார்த்திருந்தாலும் பூஜ்யம்தான். அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"நீங்கள் உழைத்தது எனக்குத் தெரியும். ஆனால் அந்த வாரம் நான் இல்லையே" என்றார், காப்பியை என் பக்கம் தள்ளியபடி. அவர் மேல் கோபப்படவும் முடியவில்லை. மற்ற வாரங்களுக்கு நீல மையில் போட்டுக் கொடுத்தார். அந்த 7 வாரத்தில் 224 மணிநேரம் போயிற்று. 3,000-க்கு 84 குறைவு.

அப்புறம் 3 வாரம் ஓடி ஓடி வேலை பார்த்தேன். அதிலும் ஒரு கண்ணி உண்டு: ஒரே இடத்தில் வாரத்துக்கு 10 மணிநேரத்துக்கு மேல் நேரடி சிகிச்சை கொடுத்தால் அந்த வாரம் கூடுதலாக ஒரு சூப்பர்விஷன் வேண்டும். அவசரத்தில் ஆட்களைப் பார்த்துத் தள்ளிவிட்டு இதைக் கோட்டை விட்டால் மறுபடியும் வெட்டு. இந்த முறை வெள்ளிக்கிழமை சாயங்காலம் கையெழுத்து வாங்காமல் வீட்டுக்குப் போகவில்லை. புது சூப்பர்வைசர் என்னைப் பார்த்தாலே பேனாவை எடுக்கத் தொடங்கிவிட்டார். கெடுவுக்கு 12 நாள் முன்னால் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. டபிள்யூ-2 (வருடச் சம்பளத்துக்கான வரிப் படிவம்) நகல்களையும் மறக்காமல் வைத்தேன்; அதற்கு ஒரு ராத்திரி கராஜில் பெட்டி பெட்டியாகக் கிளறியது தனிக் கதை.

கிளினிக்கல் தேர்வு பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நான் எழுதியபோது 4 மணிநேரம், 170 கேள்வி, அதில் மதிப்பெண்ணுக்கு எடுத்துக்கொள்வது 150. "முதலில் என்ன செய்வீர்கள்" என்று கேட்டால் நம்மவர்களுக்கு உடனே புத்திமதி சொல்ல நாக்கு துறுதுறுக்கும். ஆபத்து இருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் இன்னும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பாதிக் கேள்விக்கு எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

வேலை மாறுவதாக இருந்தால், சூப்பர்வைசர் மாறுவதாக இருந்தால், அன்றைக்கே அனுபவச் சான்று படிவத்தையும் நிரப்பி வாங்கிவிடுங்கள். பிரிவு உபசாரத்தில் கேக் வெட்டுவதற்கு முன்னால். பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று கூச்சப்பட்டு நின்றவள் நான்.

அந்த லாக் ஃபைலை இன்னும் கண்ணில் படுகிற இடத்தில்தான் வைத்திருக்கிறேன். லைசென்ஸை 2 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க 36 மணிநேரம் தொடர்கல்வி காட்ட வேண்டுமாம். முதல் சான்றிதழ் நேற்று வந்தது. அதில் என் பெயரைத் தப்பாக அடித்திருக்கிறார்கள்.