ஃபென்பான்: ரயில் போன வழியில் சைக்கிள்

வெள்ளி, மே 17. ஆகன்

பெந்தெகொஸ்தே விடுமுறை வந்துவிட்டது. நாளை காலை கிளம்பி, திங்கட்கிழமைக்குள் ஃபென்பான் முழுவதையும் மிதித்து முடிப்பதாகத் திட்டம். ஜெர்மனியில் இருக்கும் எங்கள் ஊர் ஆகனின் ரோட்டெ எர்டெ நிலையத்தில் தொடங்கும் பாதை ஐஃபெல் மலைக்காடுகள் வழியே ஜெர்மனியையும் பெல்ஜியத்தையும் மாறி மாறித் தொட்டுக்கொண்டு லக்சம்பர்க்கின் த்ருவாவியேர்ஜ் வரை போகிறது. மொத்தம் 125 கிலோமீட்டர். 1880களில் அன்றைய ஜெர்மன் அரசான பிரஷ்யா போட்ட ரயில் பாதை இது. ஆகன் பக்கத்து நிலக்கரியும் லக்சம்பர்க் பக்கத்து இரும்புத் தாதுவும் இதில்தான் போய் வந்தன. ரயில் நின்ற பிறகு தண்டவாளத்தை எடுத்துவிட்டுத் தார் போட்டு, 2013-ல் முழுப் பாதையையும் சைக்கிளுக்குத் திறந்தார்கள்.

பை கட்டும்போது அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்த ரோட்டுல லாரி வராதாடி?"

"வராதும்மா."

"பஸ்ஸு?"

"அதுவும் வராது. குறுக்கே ரோடு வர்ற இடத்துல மட்டும் நின்னு பாத்துப் போகணும்."

"அப்ப நானும் கொஞ்ச தூரம் வர்றேன்."

அம்மா ஆலங்குடிப் பக்கம் அங்கன்வாடியில் வேலை பார்த்தவர். அறிவொளி இயக்கம் புதுக்கோட்டை மாவட்டம் முழுக்கப் பெண்களுக்கு எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொடுத்ததே, அதில் கற்றுக்கொண்டவர். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். 1992 மகளிர் தினத்தன்று புதுக்கோட்டையில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். அம்மாவும் அதில் இருந்தார். அப்புறம் பல வருஷம் வேலைக்கு, கடைக்கு, என்னைப் பள்ளியில் விட, எல்லாவற்றுக்கும் அந்த சைக்கிள்தான். சாலை அகலமாகி டிப்பர் லாரிகள் பெருகியதும் நிறுத்திவிட்டார். முட்டி வலியாலோ வயதாலோ நின்றதில்லை அது; பின்னால் ஹார்ன் அடித்தால் உடம்பு நடுங்குகிறது என்றுதான் நிறுத்தினார்.

சனி, மே 18. ஆகன் முதல் மொன்ஷாவ்

அம்மாவுக்கு ஏழு கியர் வைத்த, குறுக்குக் கம்பி இல்லாத வாடகை சைக்கிள். புடவையை இழுத்துச் செருகி, மேலே என் ஸ்வெட்டர், தலையில் ஹெல்மெட். என் கணவரும் கூட வந்தார். கியர் மாற்றுவதை அவர் சொல்லிக்கொடுக்கக் கொடுக்க, "சரி மாப்பிள்ளை, சரி மாப்பிள்ளை" என்று கேட்டுக்கொண்டே அம்மா முன்னால் போய்விட்டார்.

கொர்னெலிமுன்ஸ்டர் தாண்டியதும் காடு நெருங்குகிறது. இங்கிருந்து ஏற்றம்தான், ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஏற்றம். பாதையின் சரிவு பெரும்பாலும் இரண்டு சதவீதத்தைத் தாண்டாது, அதாவது நூறு மீட்டர் போனால் இரண்டு மீட்டர் உயர்வு. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கும்; நிலக்கரி ஏற்றிய சரக்கு வண்டியை அதற்கு மேல் செங்குத்தாக இழுக்க நீராவி எஞ்சினால் முடியாது. அதனால் மலையை நேராக ஏறாமல் மடிப்பு மடிப்பாகச் சுற்றி, பள்ளத்தில் மண் கொட்டி, மேட்டை வெட்டி, ஆற்றுக்கு மேல் பாலம் கட்டிப் போயிருக்கிறார்கள். எஞ்சினுக்காகப் பார்த்துப் பார்த்துச் செய்த சரிவு இன்று என் அம்மாவின் முட்டிக்குத் தோதாக இருக்கிறது. பக்கத்தில் ஒருவர் குழந்தையை வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு ஏறினார். வயதான தம்பதி ஒருவர் பின் ஒருவராக மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே போனார்கள். மலைச்சாலையில் இப்படி ஆட்களைப் பார்க்க முடியாது. அங்கே இறுக்கமான உடுப்பு போட்ட இளைஞர்கள் மட்டும்தான்.

சத்தம் இல்லாததைப் பற்றியும் எழுத வேண்டும். முதல் கொஞ்ச தூரம் அம்மா அடிக்கடி தோள்வழியே திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்ததில் விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. ஷ்மிட்ஹோஃப் பக்கம் வருவதற்குள் திரும்பிப் பார்ப்பது நின்றது. அப்புறம் ஒரு கையை விட்டு முந்தானையைச் சரிசெய்தார். சாலையில் லாரி வரும் என்ற நினைப்பு இருக்கிறவர் அப்படிக் கை விடமாட்டார்.

ரோட்கென் வரை வந்துவிட்டார்! ஏறக்குறைய இருபது கிலோமீட்டர், அதுவும் ஏற்றம். ஆப்பிள் கேக்கும் காப்பியும் வாங்கிக்கொடுத்தேன். இந்த ஊரின் எல்லைக்கோட்டை அம்மாவுக்கு விளக்குவதற்குள் காப்பி ஆறிப்போனது. முதல் உலகப் போருக்குப் பின் வெர்சாய் ஒப்பந்தப்படி ஒய்ப்பன், மால்மெடி பகுதிகள் பெல்ஜியத்துக்குப் போயின. அவற்றை இணைக்கும் ரயில் பாதையும் வேண்டுமென்று பெல்ஜியம் வாங்கிக்கொண்டது. ஆகவே தண்டவாளம் கிடந்த நிலம் பெல்ஜியம், இரண்டு பக்கமும் ஜெர்மனி. ரயில் போன பிறகும் எல்லை மாறவில்லை. பாதைக்கு மேற்கே மாட்டிக்கொண்ட ஜெர்மன் துண்டுகள் இன்றும் ஐந்து இருக்கின்றன. அதில் ரூக்ஷ்லாக் என்பது ஒரு வீடும் அதைச் சுற்றிய நிலமும்தான்.

"அப்ப நான் இப்ப எந்த நாட்டுல உட்காந்திருக்கேன்?" என்றார் அம்மா. மேசை ஜெர்மனியில், சைக்கிள் நிற்பது பெல்ஜியத்தில்.

இங்கிருந்து ஆகனுக்கு இறக்கம். அம்மாவும் என் கணவரும் திரும்பினார்கள். நான் தனியாக மேலே போனேன். லாமர்ஸ்டோர்ஃப் பக்கம் புல்வெளிக்கு நடுவே வரிசையாக கான்கிரீட் முக்கோணங்கள்: டாங்கிகளைத் தடுக்க நாஜி அரசு நட்ட அரணின் மிச்சம். ரோட்கெனைத்தான் 1944 செப்டம்பர் 12 அன்று அமெரிக்கப் படை ஜெர்மனிக்குள் முதல் ஊராகப் பிடித்தது.

இரவு போனில் அம்மா: "கால் வலிக்கல. உக்கார்ற இடம்தான் வலிக்குது."

ஞாயிறு, மே 19. மொன்ஷாவ் முதல் சாங்க்ட் பீட் வரை

மொன்ஷாவ் நகரம் ரூர் ஆற்றுப் பள்ளத்தில் இருக்கிறது, ரயில் பாதையோ மேலே. காலையில் சாலை வழியாக ஏற வேண்டியிருந்தது. தூரம் கொஞ்சம்தான், ஆனால் விடுமுறை நாள் மோட்டார் சைக்கிள்கள் கூட்டம் கூட்டமாக வளைவுகளில் உறுமிக்கொண்டு வந்தன. ஒவ்வொன்றும் கடக்கும்போது புல்லோரம் ஒதுங்கினேன். ஐஃபெல் காடு அதே காடுதான். ஆனால் அந்தச் சாலையில் ஒரு மரத்தைக்கூட நான் பார்க்கவில்லை, பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடியைத்தான் பார்த்தேன். பாதையில் ஏறியதும்தான் குயில் கூவுவது காதில் விழுந்தது.

கால்டர்ஹெர்பெர்கில் வீடுகளுக்கு முன் பீச் மர வேலிகள் கூரை உயரத்துக்கு நிற்கின்றன. மேற்குக் காற்றும் பனியும் நேரே வந்து அடிக்காமல் இருக்கத் தலைமுறை தலைமுறையாக வெட்டி வளர்த்தவை. சன்னலுக்கும் வாசலுக்கும் மட்டும் ஓட்டை விட்டிருக்கிறார்கள். காட்டில் பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் மரங்கள். இவை இந்த மண்ணில் தானாக வளர்ந்தவை அல்ல; பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரஷ்ய அரசு நட்டவை. இங்கே இன்னும் இதை 'பிரஷ்ய மரம்' என்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்த எல்லையில் காப்பிக் கடத்தல் கொடிகட்டிப் பறந்தது. ஜெர்மனியில் காப்பிக்குக் கடும் வரி, பெல்ஜியத்தில் மலிவு. சிறுவர்கள்கூட மூட்டை சுமந்து சதுப்பைத் தாண்டினார்கள். துரத்தும் வண்டியின் டயரைக் கிழிக்கக் கடத்தல்காரர்கள் சாலையில் இரும்பு முட்களை வீச, சுங்கத் துறை ஒரு போர்ஷே காரின் முன்னால் துடைப்பங்களைக் கட்டி முட்களைப் பெருக்கிக்கொண்டே துரத்தியது. 1953-ல் வரி குறைந்ததும் தொழில் படுத்தது. ஷ்மிட் என்ற ஊரில், போரில் இடிந்த தேவாலயத்தைக் கட்டியெழுப்பக் கடத்தல் பணமும் உதவியதால், அதற்கு 'புனித மொக்கா' என்று செல்லப் பெயர்.

பிற்பகல் முழுக்க சூர்ப்ரோட் பக்கத்து மேட்டுநிலம். பாதையின் உச்சி இங்கேதான். மேற்கே ஃபென் சதுப்பு, எதிர்க்காற்று, ஆள் நடமாட்டம் குறைவு. அதற்கப்புறம் சாங்க்ட் பீட் வரை சுகமான இறக்கம்.

திங்கள், மே 20. த்ருவாவியேர்ஜ்

சாங்க்ட் பீட்டில் பழைய கட்டடம் தேடினால் பூஷெல் கோபுரம்தான் கிடைக்கும். 1944 கிறிஸ்துமஸ் சமயத்துக் குண்டுவீச்சில் ஊரே தரைமட்டமானது. ரயில்களும் சாலைகளும் சந்தித்த ஊர் என்பதால் வந்த வினை.

தெற்கே பள்ளத்தாக்குகள் குறுகலாகின்றன. பூர்க் ரொய்லாந்தில் கோட்டை இடிபாட்டைப் பார்த்துக்கொண்டே ரொட்டி சாப்பிட்டேன். லெங்கலெர் தாண்டி ஒரு சுரங்கம் வருகிறது. அதில் வௌவால்கள் குடியிருப்பதால் மூடிவைத்திருக்கிறார்கள். நாம் குன்றின் மேல் ஏறித்தான் சுற்றிப் போக வேண்டும். சரிவு சட்டென்று கூடியதும் எஞ்சினுக்காக வெட்டிய பாதையின் அருமை தொடையில் தெரிந்தது. வௌவாலுக்கு விட்டுக்கொடுத்ததில் எனக்கு முழுச் சம்மதம்.

இழுத்துப் பிடித்து ஏறும்போது மயிலாடுதுறை–தரங்கம்பாடி ரயில் நினைவுக்கு வந்தது. 1986-ல் நின்ற பாதை. மறுபடி ரயில் விட்டால் நல்லது, ஊர்க்காரர்கள் கேட்பதும் அதைத்தான். விடுவதில்லை என்று முடிவானால், அந்த வழியை லாரி நுழையாத சைக்கிள் பாதையாக்கிக் கடல் வரை கொண்டுபோகலாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும், அம்மா மாதிரி சாலைக்குப் பயந்து சைக்கிளை ஓரங்கட்டியவர்களுக்கும் அது போதும்.

த்ருவாவியேர்ஜில் ரயில் ஏறினேன். லக்சம்பர்க்குக்குள் 2020 முதல் பயணம் இலவசம். பெல்ஜிய எல்லை தாண்டியதும் எனக்கும் சைக்கிளுக்கும் தனித்தனி டிக்கெட். லியேஜில் மாறி ஆகன். இடையில் அம்மா போன் செய்து, வாடகை சைக்கிளை இன்னும் ஒரு வாரம் வைத்துக்கொள்ளலாமா என்று கடையில் கேட்கச் சொன்னார். சனிக்கிழமை லாமர்ஸ்டோர்ஃப் வரை போக வேண்டுமாம், இந்த முறை மெத்தென்ற இருக்கை போட்டு.