மருந்து வேளைக்கு விழித்துக்கொள்ளும் உடம்பு

புற்றுநோய்க்குப் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் பலருக்கு நடுராத்திரி இரண்டு மணிக்குத் தானாக விழிப்பு வரும். அது மருந்து கொடுத்த வேளை. உடம்பு அந்தக் கணக்கை மறக்க மாதக்கணக்காகும். பிள்ளையோடு வார்டும் நர்சுகளும் பக்கத்துப் படுக்கைக் குடும்பங்களும் ஒரே நாளில் இல்லாமல் போகிறார்கள். துணைக்கு வருபவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வந்தால் நல்லது.

முதல் வாரத்தில் ஆறுதல் பேச்சைவிடக் கைவேலைதான் உதவும். மிச்சமிருக்கும் மார்ஃபின் முதலிய கடும் வலி மருந்துகளை மருத்துவமனையிலோ மருந்தகத்திலோ ஒப்படையுங்கள். துக்க வீட்டில் அவை இருப்பது ஆபத்து. அடுத்தடுத்த பரிசோதனைத் தேதிகளை உறவினர் ஒருவர் போன் செய்து ரத்து செய்யட்டும். இல்லாவிட்டால், ‘நாளை குழந்தையை அழைத்து வரவும்’ என்று ஒருநாள் குறுஞ்செய்தி வந்து நிற்கும். துணிகளை மட்டும் யாரும் துவைத்துவிடாதீர்கள். நல்லது செய்வதாக நினைத்துத்தான் துவைக்கிறார்கள், ஆனால் போன வாசனை திரும்பாது. ஒரு சட்டையையாவது காற்றுப் புகாத பையில் போட்டு வையுங்கள்.

சில வாரம் கழித்து, சிகிச்சை தந்த மருத்துவரைப் பார்க்க நேரம் கேளுங்கள். ‘கடைசிக் கீமோ வேண்டாம் என்றிருக்கலாமோ’, ‘முதல் காய்ச்சலிலேயே கவனித்திருக்கலாமோ’ என்று அரிப்பவற்றை எழுதிக்கொண்டு போங்கள். அங்கே போய் உட்கார்ந்தால் எல்லாம் மறந்துவிடும். இதைத் தொந்தரவாக நினைத்துத் தயங்க வேண்டாம். குழந்தைப் புற்றுநோய்க் குடும்பங்களுக்காக 2015இல் வெளியான உளவியல் பராமரிப்பு நெறிகள், இறப்புக்குப் பின் மருத்துவக் குழுவிலிருந்து ஒருவர் குடும்பத்தைத் தொடர்புகொள்ள வேண்டும் என்கின்றன.

அண்ணன் தம்பி அக்கா தங்கைகளிடம் ‘தூங்கிவிட்டான்’ என்று சொல்லக் கூடாது. சின்னப் பிள்ளைகள் தூங்கவே பயப்படுவார்கள். ‘இறந்துவிட்டான், இது உன்னால் வந்ததில்லை, தொற்றவும் தொற்றாது’ என்று நேராகச் சொல்லுங்கள்.

கணவன் மனைவிக்குள் பிணக்கு வருவது பெரும்பாலும் இங்கேதான்: ஒருவர் அழுதுகொண்டிருக்க, மற்றவர் வேலைக்குப் போய்விடுவார். ‘உனக்கு வலிக்கவே இல்லையா’ என்ற கேள்வி வெடிக்கும். துக்கத்தை ஆராய்ந்த உளவியலாளர்கள் ஸ்ட்ரோபே, ஷூட் 1999இல் முன்வைத்த விளக்கப்படி, துக்கப்படுபவர் இழப்புக்குள்ளும் அன்றாட வேலைக்குள்ளும் மாறி மாறிப் போய்வருகிறார். கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் இருப்பது அபூர்வம்.

பிள்ளையை இழந்த பெற்றோர் கூடிப் பேசும் குழு என்றால் எட்டுப் பத்துப் பேர், ஒன்றரை மணி நேரம், நடத்த இருவர் போதும். பேசாமல் உட்கார்ந்திருக்கவும் இடம் வேண்டும். ‘உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?’ என்று வெளியில் யாராவது கேட்டால் என்ன சொல்வது என்பதை அங்கேயே இரண்டு விதமாகச் சொல்லிப் பழகலாம்: தெரிந்தவர்களுக்கு ஒன்று, வழிப்போக்கர்களுக்கு ஒன்று.

சாக வேண்டும் என்ற எண்ணம் தலைதூக்கினால் குழுக் கூட்டம் வரை காத்திருக்காமல் அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.