அத்தானும் 32 ஆம்பியரும்

ஆடிப்பெருக்கு அன்று காலையில் கேஸ் தீர்ந்துவிட்டது. ஆற்றுக்குக் கொண்டுபோகும் சித்ரான்னத்துக்கு அம்மா இண்டக்‌ஷன் அடுப்பில் சோறு வைத்தாள். கும்பகோணத்திலிருந்து வந்த அக்கா, காபிக்கென்று பக்கத்துப் பிளக்கில் கெட்டிலைப் போட்டாள். ரெண்டு நிமிஷம் ஓடியது. அப்புறம் டப்.

கூடத்தில் ஃபேன் சுற்றுகிறது. சமையலறை எம்சிபி, அதாவது கரண்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச், மட்டும் தலை கவிழ்ந்து கிடக்கிறது. தூக்கிவிட்டால் மறுபடி டப்.

அடுப்பு 2000 வாட்ஸ், கெட்டில் 1500. ரெண்டையும் கூட்டி 230 வோல்ட்டால் வகுத்தால் 15 ஆம்பியருக்கு மேல். எங்கள் எம்சிபியோ 10. இப்படி லோடு கூடும்போது, உள்ளேயிருக்கும் உலோகப் பட்டை சூடேறி வளைந்தால்தான் அது விழும். அதுதான் அந்த ரெண்டு நிமிஷப் பொறுமை.

"32 ஆம்பியர் போட்டா விழாது மாப்ள" என்றார் அத்தான். எல்லா வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார்.

எலக்ட்ரீசியன் அண்ணன் போர்டைக் கழற்றிக் காட்டினார். பழைய, மெல்லிய 1.5 ஸ்கொயர் எம்எம் ஒயர், பிளக் ஓரம் கருகிப் பழுப்பேறியிருந்தது. "எம்சிபி இருக்கறதே ஒயரைக் காப்பாத்தத்தான் தம்பி. 32 போட்டா அது விழாது, சுவத்துக்குள்ள ஒயர்தான் வேகும்."

அடுப்புக்குத் தனியாகத் தடித்த 4 ஸ்கொயர் எம்எம் ஒயர் இழுக்கச் சொல்லியாயிற்று. அன்றைக்குக் காபி டீக்கடையில்தான். அத்தான்தான் காசு கொடுத்தார்.