டிக்கெட் மேசை நாட்குறிப்பு: பாதி விலைக்கு ஒரு வேலி

3 நவம்பர் 2025, திங்கள். பினாங்கு, மலேசியா

ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறை டிசம்பர் 20-இல் தொடங்குகிறது. தீவுக்கு எதிரே பெருநிலப் பக்கம் ஆள் வரவு குறைந்துபோன ஒரு நடுத்தரக் கேளிக்கைப் பூங்காவை வைத்து இந்தக் குறிப்புகள். பூங்காவின் பெயர் வேண்டாம். கீழே வரும் விலைகளும் கணக்குக்காகப் போட்டவைதான்.

கூட்டம் குறைந்தால் கூட்ட அறையில் முதலில் எழும் குரல் "பாதி விலை போடுவோம்" என்பது. போடலாம். அதற்கு முன் ஒரு தாளில் இதை எழுதிப் பாருங்கள். டிக்கெட் 80 வெள்ளி (ரிங்கிட்). ஒருவர் உள்ளே 20 வெள்ளிக்குச் சாப்பிட்டால், சரக்குச் செலவு போக 12 வெள்ளி தேறும். கைப்பட்டை, காப்புறுதி, அட்டைக் கட்டணம் என்று ஆளுக்கு 4 வெள்ளி போகும். கையில் நிற்பது 88. டிக்கெட்டை 40 ஆக்கினால் நிற்பது 48. நேற்று 100 பேர் வந்த இடத்துக்கு இன்று 184 பேர் வந்தால்தான் பழைய நிலை. அதையே இணையத் தளம் ஒன்றின் வழி விற்று 20 விழுக்காடு கமிஷன் கொடுத்தால் இன்னும் 8 வெள்ளி போய் 40 நிற்கும். அப்போது 220 பேர் வேண்டும்.

இதில் கேளிக்கை வரியைச் சேர்க்கவில்லை. 1953-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் இந்த வரியை வசூலிப்பது மாநிலம். கோலாலம்பூர் உள்ளிட்ட கூட்டரசுப் பிரதேசத்தில் கேளிக்கைப் பூங்காக்களுக்கு 2024 முதல் 25 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைத்தார்கள். கோலாலம்பூரில் இருப்பவர் சொல்லும் கணக்கை அப்படியே இங்கே தூக்கி வந்து வைத்தால் உதைக்கும். உங்கள் மாநிலத்தில் என்ன விகிதம், விலக்கு உண்டா, இலவச டிக்கெட்டுக்கும் வரி உண்டா என்று எழுத்துபூர்வமாகக் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகு விலையை அச்சடியுங்கள்.

7 நவம்பர், வெள்ளி

11.11 இணைய மலிவு விற்பனை வருகிறது. தேதி போடாத டிக்கெட்டா, தேதி போட்டதா என்பதுதான் இந்த வார விவாதம். விற்பனைப் பிரிவுக்குத் தேதி போடாததுதான் பிடிக்கும், சுலபமாக விற்கும். நொடிந்த பூங்காவை மேலும் நொடிக்க வைப்பதும் அதுதான்.

காரணம் இரண்டு. முதலாவது பணம். நவம்பரில் 3,000 டிக்கெட்டை 40 வெள்ளிக்கு விற்றால் வங்கியில் 1,20,000 வெள்ளி. அது இன்னும் வருமானம் ஆகவில்லை. எம்எஃப்ஆர்எஸ் 15 கணக்கியல் தரப்படி ஆள் வந்து போகும்வரை அது கடன். ஆனால் கணக்கில் காசு இருந்தால் சம்பளத்துக்கும் மின்கட்டணத்துக்கும் போய்விடும். டிசம்பரில் அந்த 3,000 பேரும் வருவார்கள், மின்சாரம் எரியும், பகுதிநேர ஆட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும். டிக்கெட் வழியாக ஒரு காசு புதிதாக வராது. விடுமுறைக் கூட்டத்தைப் பார்த்து முதலாளி பூரிப்பார், கணக்காளர் மட்டும் நகம் கடிப்பார்.

இரண்டாவது இடம். பூங்கா எத்தனை பேரைத் தாங்கும் என்பதைக் கார் நிறுத்துமிடம் சொல்லாது, ராட்டினம்தான் சொல்லும். 24 இருக்கை, ஒரு சுற்று 3 நிமிடம், ஏற்றி இறக்கப் பூட்டிச் சரிபார்க்க 2 நிமிடம். மணிக்கு 12 சுற்று, 288 பேர். இப்படி ஐந்து ராட்டினம், எட்டு மணி நேரம் என்றால் 11,520 சவாரி. வந்தவர் ஆறு சவாரியாவது போனால்தான் திருப்தியாகத் திரும்புவார். ஆக ஒரு நாளைக்கு 1,920 பேர். ஒரு ராட்டினம் பழுதானால் 1,536. தேதி போடாத டிக்கெட்டுக்காரர்கள் எல்லாரும் தேர்ந்தெடுப்பது விடுமுறையின் முதல் சனி, இல்லாவிட்டால் காலாவதிக்கு முந்தைய ஞாயிறு.

நடுவழி ஒன்று உண்டு. வாங்கும்போது தேதி கேட்க வேண்டாம், வருவதற்கு முன் தேதி பதிவு கட்டாயம் என்று வையுங்கள். சனி ஞாயிறுக்கு இந்த மலிவு டிக்கெட்டில் 300 இடம் மட்டும் திறந்துவிட்டால் போதும், மீதியெல்லாம் திங்கள் முதல் வியாழன் வரை. இந்த நிபந்தனை விளம்பரப் படத்திலேயே, விலை இருக்கும் அதே பக்கத்தில் தெரிய வேண்டும். கீழே எறும்பு எழுத்தில் போட்டால் முகப்பிடத்தில் சண்டை. 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் 12-ஆம் பிரிவு தவறான விலை அறிவிப்பையும், 13-ஆம் பிரிவு தூண்டில் விளம்பரத்தையும் பற்றியது. இரண்டையும் விற்பனைப் பிரிவில் உள்ளவர்கள் ஒருமுறை படித்துவைப்பது நல்லது.

11 நவம்பர், செவ்வாய்

இன்று எழுத அதிகம் இல்லை. நள்ளிரவில் விற்பனை திறக்கும் முன் ஒரே ஒரு டிக்கெட்டைச் சொந்தப் பணத்தில் வாங்கி, மின்னஞ்சல் வருகிறதா, கியூஆர் குறியீடு வாசலில் படிக்கிறதா, 'பயன்படுத்தப்பட்டது' என்று மாறுகிறதா என்று பாருங்கள். ஆயிரம் டிக்கெட் விற்ற பிறகு பழைய விலை இணைந்திருந்தது தெரியவந்தால் திருப்பிக் கொடுக்கவே ஒரு வாரம் ஆகும்.

15 நவம்பர், சனி

கழிவுக் குறியீடு, அதாவது தள்ளுபடிக்கான குறியீடு, கசிவது பற்றி. ஒரு தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு மட்டும் கொடுத்த குறியீடு மாலைக்குள் கோயில் குழுவுக்கும் அங்கிருந்து மூன்று தாமான் (குடியிருப்பு) வாட்ஸ்அப் குழுக்களுக்கும் போய்ச் சேரும். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. நல்ல விஷயத்தைப் பகிர்வது நம்மவர் வழக்கம். தப்பு குறியீட்டில். 'பள்ளி50' மாதிரி எல்லாருக்கும் ஒரே சொல் கொடுத்தால் அப்படித்தான்.

ஆளுக்கு ஒன்றாக, ஒருமுறை மட்டும் செல்லும் எட்டு எழுத்துக் குறியீடு செய்யுங்கள். முதல் இரண்டு எழுத்து எந்த வழியாகப் போனது என்பதைச் சொல்லட்டும்: பள்ளி, வானொலி, தொழிற்சாலைத் தொழிலாளர், ஹோட்டல். ஆங்கில ஓவும் பூஜ்யமும், ஐயும் ஒன்றும் குறியீட்டில் வரவே கூடாது. வரிசையில் நிற்கும் அம்மா நான்காவது முறை தட்டச்சு செய்யும்போது பின்னால் இருப்பவர் முனக ஆரம்பித்துவிடுவார்.

வாசல் கருவி இணையம் இல்லாமல் ஓடும்போது இன்னொரு ஓட்டை. ஒரே கியூஆரை இரண்டு பேர் திரைப்பிடிப்பு எடுத்து இரண்டு வாசலில் காட்டினால், கருவிகள் ஒன்றோடொன்று பேசாத நேரத்தில் இரண்டுமே பச்சை காட்டும். வைஃபை விழுந்தால் ஒரே வாசலுக்கு மாறுங்கள். வரிசை நீளும், பரவாயில்லை. உள்ளூர் விலைக்கு மைகார்டு அடையாள அட்டையைக் கண்ணால் பார்த்தால் போதும். நகல் எடுத்துக் கட்டிவைத்தால் 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பொறுப்பு உங்கள் தலையில்.

18 நவம்பர், செவ்வாய்

விளம்பரக் காசு எங்கே போட வேண்டும் என்பதற்கு மலிவான கருவி அஞ்சல் குறியீடு. டிக்கெட் கொடுக்கும்போது ஐந்து இலக்கம் கேட்டு அழுத்துங்கள். பெயர் வேண்டாம், தொலைபேசி எண்ணும் வேண்டாம். 10, 11 என்று தொடங்கினால் தீவு. 14000 புக்கிட் மெர்தாஜாம், 09000 கூலிம், 08000 சுங்கை பட்டாணி, 34000 தைப்பிங். இரண்டு வாரம் சேர்த்தாலே படம் தெளிந்துவிடும்.

கூலிமும் சுங்கை பட்டாணியும் பாதி வாசலை நிரப்பும்போது, தீவில் பெரிய மின்பலகை எடுப்பது முதலாளி காரில் போகும்போது பார்த்து மகிழ மட்டும்தான். தீவுக்காரர் பெருநிலம் வந்து திரும்பும்போது பாலத்தில் காருக்கு 5.74 வெள்ளி டோல் வேறு. மேலும் தெலுக் பஹாங்கில் 1,111 மீட்டர் நீர்ச்சறுக்கு வைத்திருக்கும் எஸ்கேப் பூங்கா அவருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அவரை இழுக்க ஆகும் செலவில் கூலிம் குடும்பம் இரண்டை அழைத்துவரலாம்.

24 நவம்பர், திங்கள்

பள்ளிச் சுற்றுலா. இந்த ஆண்டுக்குப் பேச வேண்டிய காலம் போய்விட்டது. தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டு, கல்வி அலுவலக அனுமதி வந்து, பெற்றோர் கையொப்பமிட்டு, பேருந்து பிடிக்கவே இரண்டு மூன்று மாதம் ஓடிவிடும். பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள். கெடாவையும் வட பேராவையும் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் பெருகும். அவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று சொல்வதைவிட 44 இருக்கைப் பேருந்துக்கு மொத்த விலை சொல்லுங்கள்: 40 மாணவர், 4 ஆசிரியர் இலவசம், சைவச் சாப்பாடு உட்பட. ஆசிரியருக்கு வீட்டில் போய்க் கணக்குப் போடும் வேலை மிச்சம். வராத பிள்ளைக்குப் பணம் திரும்புமா என்பதை அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள். சங்கப் பொருளாளர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

28 நவம்பர், வெள்ளி

பதாகை. மாநகர் மன்ற உரிமம் இல்லாமல் விளக்குக் கம்பத்தில் கட்டினால் மறுநாள் கழற்றிவிடுவார்கள். மலாய் வாசகம் பெரிதாக இருக்க வேண்டும், அதற்கு மலாய் மொழிக்கான அரசு அமைப்பான டேவான் பஹாசா டான் புஸ்தாகாவின் சரிபார்ப்பும் வேண்டும். பொங்கலுக்குத் தமிழில் போடுவதென்றால் இப்போதே வடிவமைப்பாளரிடம் கொடுங்கள். இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருளில் 'வேர்ல்ட் ரெடி கம்போசர்' என்ற எழுத்தமைப்பு வசதியைத் தேர்வு செய்யாமல் ஒட்டினால், 'பொ'வில் முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய்விடும். இருபது அடிப் பதாகையில் உடைந்த 'பொங்கல்' தொங்கினால் கழிவு எவ்வளவு என்று யாரும் படிக்க மாட்டார்கள், படம் பிடித்து முகநூலில் போடுவார்கள். தமிழ் தெரிந்த ஒருவர் பார்த்த பிறகு எழுத்தை அவுட்லைனாக (வெறும் வடிவமாக) மாற்றி அச்சகத்துக்கு அனுப்புங்கள்.

5 டிசம்பர், வெள்ளி

"கழிவையே நிறுத்திவிட்டால் என்ன?" என்று கேட்பவர்களுக்கு அமெரிக்கப் பூங்கா நிறுவனம் சிக்ஸ் ஃபிளாக்ஸ் பதில் சொல்கிறது. ஆண்டுக்கணக்காக மலிவுப் பருவச்சீட்டில் ஓடிய நிறுவனம், 2022-இல் கழிவுகளை வெட்டி விலையை ஏற்றியது. வருகை 2 கோடியே 77 லட்சத்திலிருந்து 2 கோடியே 5 லட்சத்துக்கு விழுந்தது, 26 விழுக்காடு. வருமானம் குறைந்ததோ 9 விழுக்காடுதான். வந்தவர் ஒவ்வொருவரும் கூடுதலாகச் செலவழித்தார். மறு ஆண்டு வருகை 2 கோடியே 22 லட்சம் வரைதான் ஏறியது. மலிவுக்குப் பழகிய ஆளைத் திரும்ப அழைத்துவருவது அவ்வளவு கஷ்டம்.

அவர்களுக்குப் பல ஊர்களில் பூங்கா, தாங்கிக்கொள்ள முடிந்தது. ஒற்றைப் பூங்காவில் நாலில் ஒருவர் வராமல் போனால் சாப்பாட்டுக் கடைக்காரரே முதலில் ஒப்பந்தத்தை முறிப்பார். அதனால் என் யோசனை: முகப்பு விலையைத் தொடாதீர்கள், ஆண்டு முழுக்கத் தொங்கும் '50% கழிவு' படத்தை மட்டும் இறக்குங்கள். கழிவு வேண்டியவர் ஏதாவது ஒன்றைக் கொடுக்கட்டும், அதுதான் வேலி. மூன்று நாள் முன்பே வாங்கலாம், வாரநாளில் வரலாம், மாலை 3 மணிக்குப் பின் நுழையலாம். ஒன்றும் கொடுக்காமல் சனிக்கிழமை காலை 11 மணிக்கு நேராக வந்து நிற்பவர் 80 வெள்ளி கட்டட்டும்.

20 டிசம்பர், சனி

விடுமுறை முதல் நாள். இன்று சந்தைப்படுத்தல் என்றால் முகப்பிடத்தில் இருக்கும் வெள்ளைப் பலகைதான். எந்த ராட்டினம் மூடியிருக்கிறது என்று பணம் வாங்கும் முன் தெரிய வேண்டும். விளம்பரப் படத்தில் இருக்கும் ராட்டினமே மூடியிருந்தால் அந்தப் படத்தை இணையத்திலிருந்து இன்றே எடுத்துவிடுங்கள்.

மழை. இடி கேட்டதும் உயரமான ராட்டினங்கள் நிற்கும், அதில் பேரம் இல்லை. தொடர்ந்து 60 நிமிடம் வெளி ராட்டினம் எதுவும் ஓடவில்லையென்றால் மறுவருகைச் சீட்டு, 30 நாளுக்குள், வாரநாளில் மட்டும். சீட்டில் கைப்பட்டை எண்ணை எழுதுங்கள், இல்லாவிட்டால் சாயங்காலமே வாசலுக்கு வெளியே விற்பனைக்கு வந்துவிடும். பாதி விலையில் வந்தவருக்குச் சீட்டு கிடையாது என்று சில இடங்களில் சொல்கிறார்கள். மழை எல்லார் தலையிலும்தான் பெய்தது. கொடுத்துவிடுங்கள்.

27 டிசம்பர், சனி

பாட்டி விலை. நான்கு பேர் குடும்பப் பொட்டலம் என்று போடுகிறோம், வேனில் இறங்குவது ஆறு பேர், அதில் ஒருவர் பாட்டி. அவர் எதிலும் ஏறப்போவதில்லை. பைகளையும் செருப்புகளையும் காத்துக்கொண்டு நிழலில் உட்காருவார். அவருக்கும் முழு விலை என்றால் மகன் வாசலிலேயே கணக்குப் போட்டு, "பேரங்காடிக்கே போயிடலாம்" என்று வண்டியைத் திருப்புவார். பாட்டிக்கு 10 வெள்ளி பார்வையாளர் டிக்கெட், அதை அப்படியே தேநீர், வடைக்குக் கழித்துக்கொள்ளலாம் என்று வையுங்கள். அவர் கைப்பட்டை வேறு நிறத்தில் இருக்கட்டும். பாட்டி களைத்துப்போனால் குடும்பமே கிளம்பிவிடும். மின்விசிறிக்கு அடியில் நாற்காலி இருந்தால் இரவுச் சாப்பாடும் உள்ளேயே ஆகும்.

வெளிச்சாப்பாட்டுக்குத் தடை போட்டிருந்தால், வாசலுக்கு வெளியே மேசை போட்டு, கையில் முத்திரை குத்தி மறுபடி உள்ளே விடுங்கள். கட்டுச்சோற்றைக் குப்பையில் போடச் சொல்லி யாரும் ஒரு வாடிக்கையாளரைச் சம்பாதித்ததில்லை.

5 ஜனவரி 2026, திங்கள்

பயன்படுத்தாத 11.11 டிக்கெட்டுகள் பட்டியல் இன்று எடுக்க வேண்டும். 11-ஆம் தேதியோடு விடுமுறை முடிகிறது. அதற்குள் வராதவர்களுக்குக் குறுஞ்செய்தி ஒன்று: மார்ச் இறுதிவரை நீட்டிப்பு, திங்கள் முதல் வியாழன் மட்டும். பிப்ரவரி 1 தைப்பூசம், 17 சீனப் புத்தாண்டு, அதன் பின் நோன்பு மாதம். அந்த மாதத்தில் வாரநாள் கூட்டம் இருக்காது. பெரிய ராட்டினத்தின் சங்கிலியையும் தாங்கிகளையும் கழற்றிப் பார்க்க அதைவிட நல்ல காலம் கிடைக்காது. அதனால் நீட்டிப்புச் செய்தியிலேயே எந்த வாரம் எது மூடியிருக்கும் என்று சேர்த்து அனுப்புங்கள். நோன்புப் பெருநாள் விடுமுறைக்கு இந்த டிக்கெட் செல்லாது என்பதும் அதே செய்தியில் இருக்கட்டும்.